காற்றில் வரும் திருத்தம்

மணியாச்சி என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களிற் பெரும்பாலோர்க்கு 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள் நினைவுக்கு வரும். அன்று காலை அந்த நிலையத்தில் நின்றிருந்த ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஆஷ் துரையின் பெட்டி அங்கே ஏன் நின்றிருந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அது காத்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக் கிளைப்பாதை பிரிகின்ற சந்திப்பாகையால், மணியாச்சியில் இறங்கியவர்களுக்குக் காத்திருத்தல் என்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. பிற்காலத்திலும் சென்னை வண்டியில் வந்த தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டும் வரையில், பிரயாணிகள் மேடையில் உலாவிக்கொண்டிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இப்பொழுது அதே கரிசற் சீமையில் வேறொரு வகைக் காத்திருத்தல் புகுந்திருக்கிறது. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மணியாச்சியை அடுத்த சிற்றூரில் அவருக்கு மானாவாரி நிலம் உண்டு. கோவில்பட்டியில் உளுந்தும் பருத்தியும் வாணிபம் செய்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். அதே வகைக் காரைக் கோவில்பட்டியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் வைத்திருக்கிறார். மாலையில் இருவரும் சந்தித்தால் முதலிற் பேசுவது மழையைப் பற்றி. அடுத்தபடி பேசுவது இதைப் பற்றி.

“என்ன அண்ணாச்சி, உங்க வண்டிக்கு வந்துட்டா?”

“இன்னும் வரல சார்வாள். மெட்ராஸ்ல மருமகன் வண்டிக்குப் போன வாரமே வந்துட்டாம்.”

வந்ததா என்று ஆசிரியர் கேட்பது யாதொரு பொருளையும் அன்று. காரின் மென்பொருளுக்கு அதனைச் செய்த கம்பெனி அனுப்பும் திருத்தத்தைத்தான் கேட்கிறார். பட்டறைக்குப் போகாமலே, கைத்தொலைபேசிக்குச் செய்தி வருவதுபோல வானலை வழியாக அது காருக்குள் வந்து சேர்கிறது. ஓ.டி.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்லுவார்கள். அப்டேட் என்று சொன்னால் எல்லார்க்கும் விளங்கும். அது எவ்வாறு வருகிறது, வந்தபின் நன்மை செய்ததா தீமை செய்ததா என்பதை உடையவர் எவ்வாறு அறிவது என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெட்ரோல் காருக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பழைய காரில் எஞ்சின் சரியாக ஓடவில்லையென்றால், மெக்கானிக் மூடியைத் திறந்து கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருகுவார். திருகியதை நாம் கண்ணாற் பார்த்தோம். மின்சாரக் காரில் திருகுவதற்கு அப்படி ஒன்றுமில்லை. பாட்டரி இருக்கிறது; மோட்டார் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் என்னும் கருவி இருக்கிறது. நாம் மிதியை அரை அங்குலம் அழுத்தினால் எத்தனை ஆம்பியர் பாயவேண்டும், காலை எடுத்தால் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி எவ்வளவு மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்ப வேண்டும், வெயிலிற் பாட்டரி சூடேறினால் சார்ஜ் ஏறும் வேகத்தை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பவையெல்லாம் எழுதி வைத்த கட்டளைகளே. எழுத்து மாறினால் காரின் நடத்தை மாறும். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் காரின் வேகத்தையும் நிறுத்தும் ஆற்றலையும் மாற்றிவிட முடியும்.

வரும் திருத்தங்கள் இருவகைப்படும். ஒருவகை, ஓட்டுநர் முன்னுள்ள திரையைச் சேர்ந்தது. வரைபடம், பாட்டு, தொலைபேசி இணைப்பு முதலியவை அதில் அடங்கும். இதில் தவறு நேர்ந்தால் தொல்லையே தவிர ஆபத்தில்லை. மற்றொரு வகை, காரின் அவயவங்களைச் சேர்ந்தது. மோட்டார், பிரேக்கு, பாட்டரி ஆகியவற்றை ஆளும் சிறு சிறு கணிப்பொறிகளுக்குள் அது போய்ச் சேருகிறது. நம் நாட்டில் ஓடும் மின்சாரக் கார்களிற் பலவற்றில் முதல்வகை மட்டுமே வானலையில் வருகிறது. இரண்டாம் வகைக்குப் பட்டறைக்கே போகவேண்டியிருக்கிறது. வாங்கும்பொழுது விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. “அப்டேட் உண்டு” என்ற பொதுவான விடை போதாது.

திருத்தம் வந்து சேரும் முறை பின்வருமாறு. காருக்குள் ஒரு சிம் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பெனியின் கணிப்பொறியிலிருந்து கட்டளைத் தொகுதி அதன் வழியே இறங்கி, காரின் நினைவகத்தில் ஒரு தனியிடத்தில் தங்குகிறது. உடனே வேலையைத் தொடங்குவதில்லை. தொகுதியோடு ஓர் எண் முத்திரையும் வருகிறது. முத்திரை கம்பெனியினுடையதுதானா, வழியில் ஓரெழுத்தேனும் மாறியிருக்கிறதா என்று கார் முதலிற் சோதிக்கிறது. பின்பு உடையவரின் இசைவைக் கேட்கிறது. இசைந்தால் கார் நின்ற நிலையில் இருக்கவேண்டும். விளக்குகளையும் கணிப்பொறிகளையும் இயக்கும் சிறிய 12 வோல்ட் பாட்டரியில் போதிய மின்சாரம் இருக்கவேண்டும். வேலை நடக்கும் அரைமணியோ முக்கால் மணியோ காரை எடுக்க முடியாது. ஆதலால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரத்தில் “சரி” என்று தொட்டுவிடுவது அறிவுடைமையாகாது. நல்ல அமைப்புகளில் நினைவகம் இரண்டு அறைகளாக இருக்கும். பழைய கட்டளைகள் ஓர் அறையில் இருக்க, புதியவை மற்ற அறையில் எழுதப்படும். எழுத்து முடிந்து சோதனையும் தேறினால்தான் கார் புதிய அறைக்கு மாறும். இடையில் ஏதேனும் கெட்டால் பழைய அறையிலேயே விழித்துக்கொள்ளும்.

சென்னை மருமகனுக்குப் போன வாரமே வந்தது கரிசற் காட்டு மாமனாருக்கு ஏன் வரவில்லை? இதில் ஓரவஞ்சனை ஏதுமில்லை. கம்பெனிகள் ஒரே நாளில் எல்லாக் கார்களுக்கும் திருத்தத்தை அனுப்புவதில்லை. முதலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கார்களுக்கு அனுப்பி, குறை ஏதும் எழுகிறதா என்று சில நாள் பார்ப்பார்கள். பிறகு பத்து, பிறகு ஐம்பது என்று கூட்டுவார்கள். செய்த ஆண்டும் பாட்டரியின் வகையும் வேறுபட்டால் தொகுதியும் வேறுபடும். இவற்றோடு நம் பக்கத்துக்கு உரிய காரணம் ஒன்றும் உண்டு. தகரக் கூரையிட்ட கொட்டகைக்குள் காரை நிறுத்தினால் அலை நன்றாகக் கிடைப்பதில்லை. இறங்கத் தொடங்கிய தொகுதி பாதியில் நின்றுவிடும். என் நண்பர் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் ஓர் இரவு நிறுத்திய பின்னரே அது வந்து சேர்ந்தது.

காத்திருந்து பெற்றது நன்மையாக முடிந்ததும் உண்டு. வேறாக முடிந்ததும் உண்டு. காருக்கு வானலையில் திருத்தம் அனுப்பும் வழக்கத்தை 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி பெரிய அளவில் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பொருள்களைச் சோதித்து நுகர்வோர்க்கு அறிவிக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் பத்திரிகை, அக்கம்பெனியின் மாடல் 3 என்ற காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து பிரேக்கிட்டால் கார் நிற்பதற்கு 152 அடி ஆயிற்று. அது அதிகம் என்று பத்திரிகை எழுதியது. சில நாட்களுக்குள் கம்பெனி வானலையில் ஒரு திருத்தம் அனுப்பியது. மீண்டும் சோதித்தபொழுது அதே கார் 133 அடியில் நின்றது. சக்கரமும் பிரேக்குத் தகடும் மாறவில்லை. பிரேக்கை எந்த நொடியில் எவ்வளவு அழுத்துவது, எப்பொழுது தளர்த்துவது என்னும் கணக்கு மட்டுமே மாறிற்று. பத்தொன்பது அடி என்பது நெடுஞ்சாலையில் ஆட்டு மந்தை குறுக்கிட்டால் சிறிய அளவன்று.

அதே கம்பெனியின் மற்றொரு கதையையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டில் மாடல் எஸ் கார்களிற் சிலவற்றுக்கு ஒரு திருத்தம் வந்தது. பாட்டரியைக் காப்பதற்காக அதன் மேல் எல்லை வோல்ட்டேஜைக் குறைத்தார்கள். காலையில் எழுந்து பார்த்த உடையவர்களுக்கு, நிறையச் சார்ஜ் செய்தும் கார் முன்போல் நெடுந்தூரம் போகாது என்பது தெரிந்தது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021ஆம் ஆண்டில் 1,743 கார்களின் உடையவர்களுக்காகப் பதினைந்து லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி உடன்பட்டது. இடையில் வேறு திருத்தங்களை அனுப்பி, குறைத்ததில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்தது. இரவில் வந்து கொடுக்கக்கூடியது இரவில் வந்து எடுக்கவும் கூடும் என்பதை உலகம் அப்பொழுது கண்டது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழிற்சாலையில் உருவான ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் 2021 டிசம்பரில் மக்கள் கைக்கு வந்தன. விளம்பரத்திற் கூறிய வசதிகளிற் சில அப்பொழுது வண்டியில் இல்லை. பின்பு மென்பொருள் வழியாக வரும் என்றார்கள். வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் வசதி முதலியன 2022 ஜூனில் வந்தன. முழு விலையையும் முதலிலேயே கொடுத்துவிட்டுப் பொருளின் ஒரு பகுதிக்காக ஆறு மாதம் காத்திருப்பது வாணிபத்திற் புதுவகை வழக்கம். நல்ல வழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டாடா கம்பெனி, நெக்ஸான் இ.வி. மாக்ஸ் என்ற காரின் சான்றிதழ்த் தூரத்தை 437 கிலோமீட்டரிலிருந்து 453 கிலோமீட்டராக உயர்த்தியது. முன்பே வாங்கியவர்களும் பிப்ரவரி 15ஆம் நாள் முதல் பட்டறைக்குச் சென்று அதற்குரிய மென்பொருளைப் பெறலாம் என்று அறிவித்தது. பாட்டரி மாறவில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்கு இலாபம். இது வானலையில் வந்ததன்று. ஆயினும் திருத்தத்தின் தன்மை அதுவே.

நூற்றுக்கு மூன்றரை என்று சொன்னேன். இவ்வளவு சிறிய மாற்றத்தைச் சாதாரண மனிதர் தம் காரில் எவ்வாறு கண்டுபிடிப்பது? என் நண்பருக்கும் ஆசிரியருக்கும் வழக்கு எழுந்தது இங்கேதான். திருத்தம் வந்த மறுநாள் நண்பரின் காரில் திரை முன்னைவிடப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டிற்று. அவர் மகிழ்ந்தார். ஆசிரியர் நம்பவில்லை. ஆசிரியர் சொன்னதே சரி. திரை காட்டும் தூரம் அளந்து கண்டதன்று. கார் போடும் மதிப்பீடு. கடந்த சில நாட்கள் நாம் ஓட்டிய முறையையும் பாட்டரியின் நிலையையும் கொண்டு அது ஊகிக்கிறது. ஊகிக்கும் கணக்கை மாற்றினால், பாட்டரியில் ஒரு துளி மின்சாரமும் கூடாமலே எண் கூடிவிடும்.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை இருந்து வருகிறது. கரிசல் மண்ணுக்கு ஏற்ற பருத்தி, சோளம், உளுந்து முதலியவற்றில் அங்கே உருவான வகைகள் “கே” என்னும் எழுத்தைத் தலைப்பிற் கொண்டு வெளிவந்திருக்கின்றன. புதிய விதை நல்லதா என்று அங்கே எப்படித் தீர்மானிக்கிறார்கள்? புதியதை இவ்வாண்டு விதைத்து, போன ஆண்டு விளைந்த பழையதோடு ஒப்பிடுவதில்லை. போன ஆண்டு மழை வேறு, இவ்வாண்டு மழை வேறு. ஒரே நிலத்தில் ஒரே நாளில் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, ஒரே மழையில் வளரவிட்டு நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரே பாத்தியை நம்பாமல் பல பாத்திகளிலும் பார்க்கிறார்கள். நம் பக்கத்து உழவரும், பிறர் சொல்லைக் கேட்டுப் புது விதை வாங்கினால் முதலாண்டில் ஒரு மூலையில்தான் போடுவார்.

நண்பரும் ஆசிரியரும் ஒரே வகைக் கார் வைத்திருந்தது இங்கே பயன்பட்டது. நண்பருக்குத் திருத்தம் வந்துவிட்டது; ஆசிரியருக்கு வரவில்லை. அடுத்தடுத்த இரண்டு பாத்திகள் தாமாகவே கிடைத்தன. இரண்டு கார்களிலும் டயர்க் காற்றைச் சரி செய்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தனியே ஏறிக்கொண்டு, குளிர்சாதனத்தை ஒரே அளவில் வைத்து, காலை ஆறு மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து விருதுநகர் வரை நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திற் சென்று திரும்பினார்கள். திரையிலுள்ள தூரத்தைக் குறிக்கவில்லை. திரும்பியதும் முன்பிருந்த அளவுக்கே சார்ஜ் ஏற்றி, அதற்கு எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதைச் சுவரில் மாட்டிய தனி மீட்டரில் பார்த்துக் குறித்தார்கள். சுவர் மீட்டர் காட்டுவது பாட்டரிக்குள் போனதைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். சார்ஜ் ஏறும்பொழுது ஒரு பகுதி சூடாகக் கழிகிறது. இரண்டு காருக்கும் அது ஏறத்தாழ ஒன்றே ஆகையால் ஒப்பிடுவதற்குத் தடையில்லை. பிறகு இருவரும் காரை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஓட்டினார்கள்; ஓட்டுபவரின் காலுக்கும் ஒரு குணம் உண்டல்லவா? நான்கு ஓட்டங்களின் முடிவில் இரண்டு காருக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. கூடியது திரையின் எண் மட்டுமே.

இந்தச் சோதனையை அவர்கள் ஜனவரியிற் செய்தார்கள். ஜூலையிற் செய்திருந்தால் குழம்பிப் போயிருப்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் இப்பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பதைக் கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே அங்கே மைய அரசின் சோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு மேற்கு நோக்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்திற் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். காரைப் பொறுத்தவரை அது 110 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுமாகையால், அமைதியான நாளில் உள்ள தடையைப்போல் அது ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. திரும்பும்பொழுது காற்று பின்னே தள்ளும், தடை 0.4 மடங்காகக் குறையும். போக வர இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆகாது. இரண்டின் சராசரி 1.14 மடங்கு. நூற்றுக்குப் பதினான்கு கூடுதல் நிற்கிறது. நாம் தேடும் மூன்றரைப் பங்கு அந்தக் காற்றில் இருந்த இடம் தெரியாமற் போய்விடும். ஆடியில் வந்த திருத்தம் காரைக் கெடுத்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் சிலர் உண்மையில் காற்றைத்தான் திட்டுகிறார்கள்.

விதை உவமையை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் அது முறிந்துவிடுகிறது; முறிகின்ற இடந்தான் முக்கியமானது. புது விதை பொய்த்தால் அடுத்த ஆண்டு பழைய விதைக்குத் திரும்பலாம். குதிரில் ஒரு மரக்கால் எடுத்து வைத்திருப்போம். காரின் மென்பொருளில் அவ்வாறு திரும்ப உடையவருக்கு வழியில்லை. பாதியிற் கெட்டால் பழைய அறைக்குத் திரும்பும் என்று முன்பு சொன்னேன். வெற்றியாக முடிந்துவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. பழைய தொகுதியில் உள்ள ஓட்டைகளைத் திருடர் பயன்படுத்தலாகாது என்பது கம்பெனிகள் கூறும் காரணம். காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் விளைவு என்ன? பணம் கொடுத்து வாங்கிய பொருளின் குணத்தைப் பிறர் மாற்றலாம். உடையவர் மாற்றவோ மீட்கவோ முடியாது.

அப்படியானால் வரும் திருத்தத்தை மறுத்துவிடலாமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் மறுப்பது தவறு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்களில், தானாக ஓட்ட உதவும் அமைப்பின் பாதுகாப்புக் குறை ஒன்றுக்காக அரசின் பதிவேட்டில் மீட்பழைப்பு ஏறியது. ஆனால் கார்கள் பட்டறைக்குப் போகவில்லை. திருத்தம் வானலையிற் போயிற்று. பாதுகாப்பைக் குறித்த திருத்தத்தை அன்றே ஏற்கவேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வாரம் பொறுத்து, முன்னே பெற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபின் ஏற்பதில் நட்டமில்லை. எது பாதுகாப்பு, எது மற்றது என்று தெரிந்தாலல்லவா இப்படிப் பிரிக்க முடியும்? நண்பரின் காருக்கு வந்த செய்தியில் “பொதுவான மேம்பாடுகள்” என்ற இரண்டு சொற்களே இருந்தன. மருந்துக் கடையில் சீட்டில்லாத புட்டியை நீட்டி “உடம்புக்கு நல்லது” என்று சொன்னால் நாம் வாங்குவோமா?

ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2020 ஜூனில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 156ஆம் எண் விதி இதைக் குறித்துப் பேசுகிறது. திருத்தத்தின் நோக்கம் யாது, எவை மாறுகின்றன, எவ்வளவு நேரம் ஆகும், அந்நேரத்தில் எவை இயங்கா என்பவற்றை, வேலை தொடங்குமுன் உடையவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. அந்த விதிகளுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆதலால் இங்கே அது தானாகச் செல்லாது. நம் நாட்டுக்குரிய தரத்தை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அதில் உடையவருக்குத் தெரிவிக்கும் கடமையோடு, பட்டறை வழியாகவேனும் முந்தைய நிலைக்குத் திரும்பும் உரிமையையும் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

இதைக் கரிசற் காட்டில் இருந்துகொண்டு ஏன் பேசவேண்டும் என்று எண்ணுவோர் தூத்துக்குடிப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை அங்கே 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் திறக்கப்பட்டது. முதற்கட்டமாக ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் கார்களைச் செய்யும் ஆற்றலோடு அது அமைந்திருக்கிறது. மணியாச்சி, ஓட்டப்பிடாரம், கயத்தாறு இளைஞர்கள் அத்தகைய தொழிற்சாலைகளில் காரைப் பூட்டக் கற்றுக்கொள்வார்கள். பூட்டிய காரின் நடத்தையை எழுதும் வேலையும் இவ்வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளின் மாணவர்களுக்கு வந்து சேருமானால், ஆடிக் காற்றையும் சித்திரை வெயிலையும் அறிந்த கைகள் அந்தக் கட்டளைகளை எழுதும்.

ஆசிரியரின் காருக்குச் சென்ற வாரம் அடுத்த திருத்தம் வந்திருக்கிறது. இம்முறை செய்தியில் நான்கு வரிகள் இருந்தனவாம். அவற்றுள் ஒன்று பாட்டரியின் சூட்டைப் பற்றியது. ஆகவே உடனே ஏற்றுக்கொண்டார். நண்பர் வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றார். வேப்பமரம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. “காத்து அடங்கட்டும் அண்ணாச்சி, ஐப்பசியில பாத்துக்கலாம்” என்று சொல்லி, ஆசிரியர் காரை உள்ளே விட்டார்.